கறை என்று நான் எழுதியது

போன மாதம் பத்திரிகைக் காரியாலயத்தில் கலைப் பக்கத்துக்கு எழுதப் பழகும் உங்களைச் சந்தித்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை எழுந்து, "மேடம், ஓவியத்தப் பத்தி எழுதுறவங்க ஓவியரோட உக்காந்து தேத்தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டது. "சீனி குறைச்சுப் போட்டுக் குடிக்கலாம்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துத் தப்பித்துவிட்டேன். ஓய்வுபெற்றவளுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் ஹட்டனுக்கு ரயிலில் திரும்பும் வழி முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். குறிப்பெடுப்பது எப்படி, படத்துக்கு எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதையெல்லாம் நான் சொல்லித் தரப்போவதில்லை. அதற்கு உங்கள் கையில் போன் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி. ஹட்டன் பஸாரில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தேயிலைத் தோட்டத்து ஆட்கள்தான். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் கடையில் நின்று துணி மடித்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்த்தே வளர்ந்ததால், தோட்டம் என்றால் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு. கொழும்புக்குப் போய்ப் பத்திரிகையில் கலைப் பக்கத்தைப் பொறுப்பெடுத்த பிறகு அந்த நினைப்பு இன்னும் கூடியது. மலையகம் என்று எது வந்தாலும் ஆசிரியர் அதை என் மேசைக்குத் தள்ளிவிடுவார். "நீ அந்த ஊர்க்காரிதானே" என்பார். நானும் பெருமையாகத் தலையாட்டிக்கொள்வேன். நான் சறுக்கி விழுந்தது அந்த இடத்தில்தான்.

கொழும்பில் ஒரு தனியார் காட்சிக்கூடம் ஐந்து இளம் ஓவியர்களின் படங்களை ஒன்றாகக் காட்சிக்கு வைத்தது. அவர்களில் ஒருவர் தியாகு. றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இன்னமும் அங்கேயே அம்மாவோடு லயத்து வரிசை வீடொன்றில் இருப்பவர். அப்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கினிகத்தேனையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது தொழில். மிச்ச நேரமெல்லாம் படம். கண்காட்சியில் அவருடைய ஆறு படங்கள் இருந்தன, ஆறிலும் கொழுந்து பறிக்கும் பெண். பத்திரிகைகள் நல்லபடியாக எழுதினால் அடுத்த வருடம் தியாகுவுக்கு மட்டுமே ஒரு தனிக் கண்காட்சி வைப்பதாகக் காட்சிக்கூடத்தின் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். பெயர்ப்பலகை எழுதுகிற ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்கும் அது தெரியும், தெரிந்துகொண்டுதான் போனேன்.

அன்றைக்கு எனக்கு இன்னொரு கூட்டமும் இருந்தது. ஐந்து ஓவியர்களையும் நாற்பது நிமிடத்தில் பார்த்து முடித்தேன். தியாகுவின் பெண்களுடைய கைகள் தேயிலைச் செடிக்குள் இருந்தன. முகங்கள் மட்டும் மேலே நிமிர்ந்திருந்தன. அதைப் பார்த்ததுமே என் மனதில் கட்டுரை எழுதி முடிந்துவிட்டது.

"இந்தப் பெண்கள் வேலை செய்யவில்லை. சினிமாக் கதாநாயகி போல வானத்தைப் பார்த்து ஏங்குகிறார்கள். கொழுந்து பறிக்கிறவள் செடியைப் பார்ப்பாள். தோட்டத்தைத் தூரத்தில் நின்று பார்த்தவரின் ஓவியங்கள் இவை" என்று எழுதினேன். அதோடாவது விட்டேனா? "ஒவ்வொரு படத்திலும் மேல் மூலையில், மரக்கிளையில், ஒரு கறுப்புக் கறை. தூரிகையைத் துடைத்த இடத்தைக்கூட அழிக்க ஓவியருக்குப் பொறுமையில்லை" என்றும் சேர்த்தேன். அந்தக் கடைசி வசனத்தை நானே இரண்டு தடவை வாசித்து ரசித்தேன். இப்போதெல்லாம் என் வசனம் எனக்கு அளவுக்கு மீறிப் பிடித்துப்போனால் பேனாவை வைத்துவிட்டு ஒரு நடை நடந்து வருகிறேன். அப்போது அந்தப் புத்தி இல்லை.

கட்டுரை வந்த அன்று மத்தியானம் காரியாலயத்துக்கு ஒரு போன் வந்தது.

"வணக்கம் மேடம், நான் தியாகு. நீங்க எந்தத் தோட்டம்ங்க?"

"நான் தோட்டம் இல்ல. ஹட்டன் டவுன்."

"அப்படிங்களா. சரிங்க மேடம்."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். வாதாட வருவார் என்று நான் நாலு பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் ஒன்றுக்கும் வேலை வைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. அடுத்த மாதமே காட்சிக்கூடத்துச் சொந்தக்காரர் தனிக் கண்காட்சியைக் கைவிட்டார். யாரோ ஒருவர் சொல்லித்தான் எனக்கு அது தெரியும். தரமில்லாத வேலை என்றால் அப்படித்தான் நடக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் போனது. அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பஸாரில் நல்ல சனம். கோயில் மண்டபத்துக்கு வெளியே ஒரு பலகை நின்றது. "படம் பார்க்க வாங்க. எல்லாரும் வரலாம்." எழுத்து அவ்வளவு அழகாக இருந்ததால்தான் நின்று வாசித்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால், கயிறு கட்டித் தொங்கவிட்ட அதே ஆறு படங்கள். தியாகு மறுபக்கம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் படாமல் பார்த்துவிட்டு நழுவிவிடலாம் என்று தூணோரமாக நின்றேன்.

சாமான் பைகளோடு நாலைந்து பெண்கள் உள்ளே வந்தார்கள். பார்த்தவுடனே தெரிந்தது, கொழுந்து பறிக்கிறவர்கள். முன்னால் வந்தவளின் பார்வை படத்துப் பெண்ணின் முகத்துக்கும் போகவில்லை, கைக்கும் போகவில்லை. நேரே மேல் மூலைக்குப் போனது. பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"ஆத்தாடி, கூடு!"

"எங்கடி?"

"அந்தா, கெளையில பாரு. நம்ம ரெண்டாம் நம்பர் மலையில இருந்துச்சே, அதே மாதிரி."

மற்றவர்களும் ஒரே நேரத்தில் தலையை உயர்த்தினார்கள். கறை என்று நான் எழுதியது குளவிக் கூடு. ஆறு படத்திலும் அதே கூடு, ஒவ்வொரு மரத்தில், ஒவ்வொரு உயரத்தில்.

நான் அந்தப் பெண்ணிடம் போய், "கொழுந்து எடுக்கிறப்ப செடியைப் பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் சிரித்தாள். "கொழுந்த கையி பாட்டுக்கு எடுத்துரும்ங்க. அதுக்கு எதுக்குக் கண்ணு? குளவி இருக்கிற மலைன்னா கண்ணு மேலதான் இருக்கணும். காத்தடிச்சாலும் கெளம்பிரும், பருந்து வந்து மோதுனாலும் கெளம்பிரும். ஓட நேரம் இருக்காதுங்க." தலைமுடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைக் காட்டினாள். "போன வருசம் எங்க தோட்டத்துல ஒரே நாள்ல ஏழு பேரு ஆஸ்பத்திரிக்குப் போனோம்."

இதில் எனக்குப் பொறுக்கமுடியாதது என்னவென்றால், குளவி கொட்டித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில் என்ற செய்தி எங்கள் பத்திரிகையிலேயே அடிக்கடி வரும். என் கலைப் பக்கத்துக்கு நாலு பக்கம் முன்னால், சின்னதாக. அதைத் தாண்டித்தான் நான் ஒவ்வொரு வாரமும் என் பெயரைப் பார்க்கப் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

அதற்குள் தியாகு என்னைப் பார்த்துவிட்டார். பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"குடிங்க மேடம்."

"தியாகு, நான் எழுதினது..."

"ஆளுங்க வந்திருக்காங்க மேடம், கவனிச்சிட்டு வந்துர்றேன்."

வரவில்லை. நானும் அரை மணி நேரம் நின்றுவிட்டு, காலிக் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கொழும்பு வந்ததும் ஆசிரியரிடம் போனேன். என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் அவர். நல்ல மனிதர், கொஞ்சம் கரடுமுரடு. விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பேர் தப்பா வந்தா திருத்தம் போடலாம். திகதி தப்பா வந்தா போடலாம். ரசனைக்கு யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா? இன்னைக்கு நீ கேட்டா, நாளைக்கு நீ பாராட்டுறதையும் ஒருத்தன் நம்பமாட்டான்."

நான் வீட்டுக்குப் போய் யோசித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குப் படம் பிடிக்கவில்லை என்பதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, நீங்களும் கேட்காதீர்கள். ஆனால் இங்கே நடந்தது வேறு. படத்தில் வரைந்திருந்த ஒரு பொருளை நான் பார்க்கவே இல்லை. பார்க்காததோடு, அதை ஓவியரின் சோம்பேறித்தனம் என்று எழுதி, அவர் பிறந்த இடத்தையே அவருக்குத் தெரியாது என்று ஊருக்கு அறிவித்துவிட்டேன். இதில் ரசனை எங்கே இருக்கிறது? அடுத்த நாள் ஆசிரியரிடம் இதையே சொன்னேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எழுதிக்கொண்டு வா" என்றார்.

எழுதினேன், முழுப் பக்கம். என் பிழையை ஒளிக்காமல் சொன்னேன். குளவியைப் பற்றி, கூட்டைப் பற்றி, அந்தப் பெண்ணின் தழும்பைப் பற்றி, நிமிர்ந்த முகத்தின் அர்த்தம் பற்றி ஒன்று விடாமல் விளக்கினேன். கட்டுரை நன்றாக ஓடியது. பலர் போன் பண்ணினார்கள். "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றார்கள். காட்சிக்கூடத்துச் சொந்தக்காரர் ஆறு படங்களையும் மறுபடி வாங்கி வந்து தன் முன்கூடத்தில் மாட்டினார். தனிக் கண்காட்சிக்கும் சம்மதம் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு மனிதருக்கு நான் மூடிய கதவை நானே திறந்துவிட்டேன் என்று இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாவது வாரம் தியாகு காரியாலயத்துக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. கையில் என் கட்டுரை நாலாக மடித்து இருந்தது.

"மேடம், இது முந்தினதவிட மோசம்ங்க."

இழுத்துப் போட்ட நாற்காலியில் நானே உட்கார்ந்தேன்.

"நேத்து முழுக்க நான் அந்தக் கூடத்துல நின்னு பாத்தேன். வர்றவங்க எல்லாரும் மூலையத் தேடுறாங்க. கூட்டக் கண்டுபுடிச்சதும் 'ஆ, இந்தா'ன்னு விரல நீட்டிட்டு அடுத்த படத்துக்குப் போயிர்றாங்க. போட்டி மாதிரி. ஒருத்தர்கூட அந்த முகத்தப் பாக்கல மேடம். ஆறு படத்துலயும் எங்கம்மா முகம் அது."

"நான் உங்களுக்கு நல்லது செய்யத்தானே..."

"மொதல்ல நீங்க பாக்காம எழுதுனீங்க. இப்ப மத்தவங்களையும் பாக்க விடாம எழுதிட்டீங்க."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. மறைப்பானேன், அந்த நேரம் நன்றிகெட்ட மனிதர் என்றுதான் நினைத்தேன். "அப்ப நான் என்னதான் எழுதணும்னு சொல்றீங்க?" என்று கத்தியே விட்டேன். பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அது உங்க வேலைங்க மேடம். என் வேலைய நான் செஞ்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயந்தரம் கட்டுரையை எடுத்துத் திரும்ப வாசித்தேன். 'நான்' என்ற சொல் பத்திக்குப் பத்தி வந்திருந்தது. நான் பார்த்தேன், நான் வெட்கப்பட்டேன், நான் உணர்ந்தேன். மன்னிப்பு என்ற பெயரில் தியாகுவின் படங்களுக்கு முன்னால் போய் நான் நின்றுகொண்டிருந்தேன். போன் பண்ணியவர்கள் எல்லோரும் என் மனசைப் பாராட்டியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அவருடைய படத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லையே. ஆசிரியரிடம் போய்ப் புலம்பினேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "இனி எழுதறதுக்கு முந்தி கூட நேரம் எடுத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

தனிக் கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது தியாகுவுக்கு நான்தான் போன் பண்ணினேன். புதுப் படங்களை முன்கூட்டியே பார்க்கலாமா என்று கேட்டேன்.  "வாங்க மேடம். காலையிலயே வாங்க, மத்தியானத்துக்கு மேல மிஸ்ட் வந்துரும்" என்றார்.

முதல் நாளே ஹட்டன் வந்து தங்கி, விடிந்ததும் றொசல்ல போனேன். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடத்துக்குத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்று பெயர். புதிதாக ஒன்று கட்டிய பிறகு சும்மா கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவில் தியாகு வரைந்துகொண்டிருந்தார். சுவரில் இன்னமும் அ, ஆ எழுதியிருந்தது. ஈரத்துக்குப் பயந்து படங்களை எல்லாம் பொலித்தீனால் மூடியிருந்தார். அவருடைய அம்மா மாரியாயி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். படங்களில் பார்த்துப் பழகிய முகம் நேரே வந்து நின்றதும் எனக்கு என்னமோ போலிருந்தது.

நான் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்தேன். மழையில் பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டுக்கு நிற்கும் பெண்கள், கங்காணி பெயர் கூப்பிடக் காத்திருக்கும் தோள்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளவி கொட்டி முகம் வீங்கி, ஒரு கண் மட்டும் திறந்து, எதையோ கேட்டுச் சிரிக்கும் மாரியாயி அம்மா. அந்தப் படத்தின் முன்னால் மற்றவற்றைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எல்லாவற்றிலும் பெரிய படம். மலை உச்சியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் வானம் முழுக்கச் செம்மஞ்சளாகச் சூரிய உதயம்.

"காட்சிக்கூடத்துல கேட்டாங்க மேடம். அழைப்பிதழுல போடுறதுக்கு நம்பிக்கையா ஒரு படம் வேணும்னாங்க" என்றார் தியாகு. "எப்படி இருக்கு?"

இப்போது என் நிலையை யோசித்துப் பாருங்கள். இந்த மனிதருக்கு நான் இரண்டு தடவை தீங்கு செய்திருக்கிறேன். பத்து நாளில் அவருடைய வாழ்க்கையின் பெரிய நாள். அவருடைய வீட்டுத் தேத்தண்ணீர் என் கையில் இருக்கிறது, அவருடைய அம்மா வாசற்படியில் நின்று என் வாயைப் பார்க்கிறார். 'நல்லா இருக்கு' என்று சொன்னால் எல்லோருக்கும் சந்தோஷம். உண்மையைச் சொன்னால் மூன்றாவது தடவையும் நானே அவர் காலை வாரியதாக ஆகலாம். அதோடு, எனக்கு எது உண்மை என்று எவ்வளவு தூரம் தெரியும்? முன்பும் தெரியும் என்றுதானே நினைத்தேன். இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு ஒன்றை முடிவு செய்தேன். என் குற்ற உணர்ச்சிக்காக நான் ஒரு படத்தைப் பாராட்டினால், என் மனப்பாரத்தை அவருடைய படத்தின் மேல் இறக்கி வைத்தவளாவேன்.

"அந்த வானம் உங்களோடது இல்ல தியாகு. கலண்டர்ல இருந்து வந்திருக்கு" என்றேன். "முகமும் அப்படித்தான். சிரிப்ப ஒட்டவச்ச மாதிரி இருக்கு."

"முகமுமா?"

"ஆமா."

"பக்கத்து வீட்டு அக்காவ முன்னால நிறுத்தி வரைஞ்ச முகம் மேடம் அது."

"இருக்கலாம். படத்துல அது வரல."

அவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "முந்தியும் இதே மாதிரிதான் உறுதியா சொன்னீங்க."

அடி சரியான இடத்தில் விழுந்தது.  "முந்தி நாப்பது நிமிசத்துல சொன்னேன்" என்றேன். "இன்னைக்குக் காலையில இருந்து பாத்துட்டுச் சொல்றேன். இப்பவும் தப்பா இருக்கலாம். ஆனா எனக்குத் தெரியுறது இதுதான்."

அவர் பொலித்தீனை இழுத்துப் படத்தை மூடினார். ரயில் நிலையம் வரைக்கும் வந்து வழியனுப்பவில்லை. மாரியாயி அம்மாதான் கூட நடந்து வந்தார். பாதி வழியில் குரலைத் தாழ்த்தி, "அந்த வானம் எனக்கும் புடிக்கலைங்கம்மா" என்றார். "இத்தனை வருசம் பெரட்டுக்குப் போயிருக்கேன், எந்தக் காலையில வானம் அப்படி இருந்துச்சு? நான் சொன்னா 'உனக்கு என்னம்மா தெரியும்'னு கேப்பான். அதான் பேசாம இருந்துட்டேன்."

"நீங்க சொல்லியிருக்கலாம்மா."

"பாப்போம்" என்று சொல்லிச் சிரித்தார்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஓவியரோடு தேத்தண்ணீர் குடிக்கலாம். குடித்த பிறகும் உங்களுக்குப் பட்டதைச் சொல்ல முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு குடியுங்கள். முடியாது என்று தோன்றினால் கோப்பையை வாங்காதீர்கள்.

அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கண்காட்சியையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். திறப்பு நாளன்று எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தேன். வாசலில் அழைப்பிதழை நீட்டினார்கள். அதில் அந்தச் செம்மஞ்சள் வானம் பளபளத்தது. மனம் சோர்ந்துபோய் உள்ளே போனேன். காட்சிக்கூடத்துச் சொந்தக்காரர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றார். ஏன் என்று பெரிய படத்தின் முன்னால் போனதும் தெரிந்தது.

வானத்தைக் காணோம். அந்த இடம் முழுவதும் சாம்பல் நிற மிஸ்ட். மலை உச்சியும் போய்விட்டது. பெண் மட்டும் பாதையோரத்தில் நின்றாள், கீழே இருந்து ஏறி வருகிற யாரையோ பார்த்துச் சிரித்தபடி. நான் ஒட்டவைத்தது என்று சொன்ன அதே சிரிப்பு. இப்போது அது அவ்வளவு உண்மையாக இருந்தது.

தியாகு பக்கத்தில் வந்து நின்றார். "வானத்த அழிச்சிட்டேன். நீங்க சொன்னதுக்காக மட்டும்னு நெனைக்காதீங்க. அம்மாவும் சொல்லிட்டாங்க." படத்துப் பெண்ணின் முகத்தைக் காட்டினார். "முகத்துல ஒரு கோடுகூட நான் தொடலைங்க மேடம். பாருங்க."

பார்த்தேன். முகத்தைப் பொய்யாக்கியது அந்த வெளிச்சம். வானத்தின் குறையை முகத்தின் மேலும் போட்டது நான். வானத்தில் நான் சரி, முகத்தில் தவறு. அதை ஏற்றுக்கொள்ள இந்தத் தடவை எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. ஒரு மனிதர் என் பேச்சைக் கேட்டு, அதில் பாதியை எடுத்து, பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, தன் படத்தைத் தானே முடித்திருக்கிறார். இதைவிட என்ன மரியாதை எனக்கு வேண்டும்? சந்தோஷத்தில் கண் கலங்கியது. அதை அவர் பார்க்காமல் இருக்கக் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

கூடம் மூடும் வரைக்கும் அங்கேயே இருந்தேன். அடுத்த நாளும் போனேன். எழுதியபோது 'நான்' என்ற சொல்லை ஓர் இடத்திலும் வைக்கவில்லை. எதற்கு என்ன அர்த்தம் என்று அவிழ்த்துக் காட்டவும் இல்லை. ஒவ்வொரு படத்திலும் கண் முதலில் எங்கே போகிறது, எங்கே தங்குகிறது, எங்கே போகத் தயங்குகிறது என்று மட்டும் சொல்லி, மிச்சத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு விட்டேன். குறையும் சொன்னேன். ஆஸ்பத்திரிப் படத்தில் கட்டிலின் சாய்வு சரியில்லை, பார்வை அங்கே இடறுகிறது என்று மூன்றாவது பத்தியில் எழுதினேன். அச்சுக்குப் போகுமுன் அவருக்கு அனுப்பிக் காட்டவில்லை.

கட்டுரை வந்த புதன்கிழமை சாயந்தரம் போன் அடித்தது.

"மேடம், மூணாவது பத்தி தப்புங்க. அந்தக் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. அது அப்படித்தான் சாஞ்சு கெடந்துச்சு."

"அப்படியா? படத்துல கட்டிலுக்குக் கீழே அது தெரியலையே தியாகு."

"தெரியலைன்னா அது என் தப்பு. பாக்குறேன்."

"சரி. மத்த பத்தியெல்லாம்?"

 அந்தப் பக்கம் ரயில் ஒன்று கடந்து போவது கேட்டது.

"மத்தத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேங்க. முடிச்சதும், திரும்ப ஒருக்கா வாசிடான்னாங்க."